ஆரல் கடலும் தொட்டிக் கணக்கும்

ஒரு தொட்டிக்குள் ஒரு குழாய் நீரைக் கொண்டுவருகிறது. மற்றொரு குழாய் வெளியேற்றுகிறது. தொட்டி எப்போது நிறையும், எப்போது வற்றும்? பள்ளியில் நாம் எல்லோரும் செய்து பழகிய கணக்கு இது. தேர்வு முடிந்ததும் இதை மறந்துவிடுகிறோம். ஆனால் ஆறு, ஏரி, நிலத்தடி நீர் ஆகியவற்றுக்குத் திட்டம் தீட்டுவோர் பெரும்பாலும் இந்தத் தொட்டியிலிருந்தே தம் வேலையைத் தொடங்குகிறார்கள்.

இயற்கையிலுள்ள சிக்கலான ஓர் அமைப்பை, அதன் முக்கியப் பகுதிகளையும் அவற்றிடையே உள்ள தொடர்புகளையும் மட்டும் கொண்ட எளிய சித்திரமாக வரைந்துகொள்வதைக் 'கருத்து மாதிரி' எனலாம். இயற்பியல் மாணவர்களுக்கு இது புதியதன்று. உராய்வற்ற தளமும், எடையற்ற கயிறும் இத்தகையவையே. நீர்வளத் திட்டங்களில் இம்மாதிரி எவ்வளவு தூரம் உதவும், எங்கே ஏமாற்றும் என்பதை மத்திய ஆசியாவின் ஆரல் கடலைக் கொண்டு காண்போம்.

வரவும் செலவும்

பெயர் கடல் என்றாலும், ஆரல் ஓர் உப்பு ஏரியே. 1960ஆம் ஆண்டில் அதன் பரப்பு ஏறத்தாழ 67,000 சதுர கிலோமீட்டர். அதாவது இலங்கைத் தீவைவிடச் சற்றுப் பெரியது. அமு தரியா, சிர் தரியா என்னும் இரு ஆறுகள் அதில் வந்து கலந்தன. அதிலிருந்து வெளியேறும் ஆறு ஒன்றும் இல்லை.

இதை ஒரு தொட்டியாகக் கொள்வோம். ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவந்த நீர் சுமார் 56 கன கிலோமீட்டர். நேரடியாகப் பெய்த மழை சுமார் 9 கன கிலோமீட்டர். ஆக வரவு 65. செலவு ஒன்றே ஒன்றுதான்; அது ஆவியாதல். அந்த வறண்ட பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் உயர நீர் ஆவியாகும். 67,000 சதுர கிலோமீட்டரில் 1 மீட்டர் என்றால் 67 கன கிலோமீட்டர். வரவும் செலவும் ஏறக்குறையச் சமம்! ஆகவேதான் கடல் மட்டம் பல ஆண்டுகள் பெரிதும் மாறாமல் இருந்தது.

மழையைக் கழித்துவிட்டால், நிகர இழப்பு ஆண்டுக்குச் சுமார் 85 சென்டிமீட்டர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வோம்.

கணக்கு சொன்னது நடந்தது

1960க்குப் பிறகு சோவியத் அரசு பருத்தி, நெல் சாகுபடிக்காக இவ்விரு ஆறுகளின் நீரையும் மேன்மேலும் கால்வாய்களில் திருப்பியது. ஆற்று நீர் அறவே நின்றுபோனால் என்ன ஆகும்? மட்டம் ஆண்டுக்கு 85 சென்டிமீட்டர் இறங்கவேண்டும் என்கிறது நம் தொட்டி. உண்மையில் 1960களில் ஆண்டுக்குச் சுமார் 20 சென்டிமீட்டரும், 1970களில் 50 முதல் 60 சென்டிமீட்டரும் இறங்கியது. ஆறுகள் கடலை எட்டுவதே அரிதாகிவிட்ட 1980களில் 80 முதல் 90 சென்டிமீட்டர் இறங்கியது!

ஏரி எங்கே போய் நிற்கும் என்பதையும் மாதிரி கூறும். பரப்புச் சுருங்கச் சுருங்க ஆவியாகும் நீரின் அளவும் குறையும் அன்றோ? வரவு பாதியானால், பரப்பும் ஏறத்தாழப் பாதியாகும்போது மீண்டும் சமநிலை பிறக்கும்.

தொட்டிக்கு வெளியே நின்றவை

கடல் சுருங்கும் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரியாததன்று. வீணே ஆவியாகும் நீரைப் பயிருக்குத் திருப்பினால் லாபமே என்று கருதியவர்கள் இருந்தார்கள். நீர்க் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தத் தொட்டியில் நீர் மட்டுமே இருந்தது.

நீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. 1960இல் ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் உப்பு இருந்தது. 1990ஐ ஒட்டி நீரின் கன அளவு மூன்றில் ஒரு பங்கானபோது உப்பு சுமார் 30 கிராமாயிற்று. மீன்கள் மடிந்தன, மீன்பிடித் தொழில் அழிந்தது. துறைமுக நகரங்களாக விளங்கிய அரால்ஸ்க், மொய்னாக் ஆகியவற்றை விட்டுக் கரை பல கிலோமீட்டர் விலகிச் சென்றது. காய்ந்த கடற்படுகையிலிருந்து உப்பும், வயல்களிலிருந்து வந்து படிந்த பூச்சிமருந்து எச்சங்களும் தூசியாகக் கிளம்பி மக்கள் வாழும் ஊர்களில் விழுந்தன. உப்பு, மீன், தூசி, மனிதன் ஆகிய எதற்கும் அந்தச் சித்திரத்தில் இடம் இருக்கவில்லை.

ஒரு தொட்டி இரண்டாகியது

1980களின் இறுதியில், மட்டம் இறங்கியதால் கடல் வடக்கு, தெற்கு என இரு துண்டுகளாகப் பிரிந்தது. இனி ஒரே தொட்டி என்னும் மாதிரி பொருந்தாது. இரண்டு தொட்டிகள் வேண்டும். இந்தத் திருத்தத்தில்தான் ஒரு வழி தென்பட்டது. சிறிய வடதொட்டிக்குச் சிர் தரியா மட்டும் நீர் தருகிறது; அந்நீரோ தெற்கே வழிந்தோடிப் பரந்த படுகையில் வீணாகிறது. வடபகுதியை 3,300 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிறுத்திவைக்க எவ்வளவு நீர் வேண்டும்? அதே 85 சென்டிமீட்டரால் பெருக்கினால், ஆண்டுக்கு 3 கன கிலோமீட்டருக்கும் குறைவே. மெலிந்துவிட்ட சிர் தரியாவாலும் கொடுக்கக்கூடிய அளவு இது.

முதலில் மணலால் எழுப்பிய அணை 1999இல் உடைந்துபோயிற்று. பின்னர்க் கசகஸ்தான் அரசு உலக வங்கியின் கடனுதவியுடன் சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள கோக்-அரால் அணையை 2005இல் முடித்தது. ஓராண்டுக்குள் வடகடலின் மட்டம் 42 மீட்டரை எட்டியது. உப்பு குறைந்தது, நன்னீர் மீன்கள் திரும்பின, மீனவர்கள் மீண்டும் வலை வீசினார்கள். தென்கடலுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. அதன் கிழக்குப் பகுதி 2014ஆம் ஆண்டுக் கோடையில் முற்றிலும் வறண்டது. எதைக் காக்க முடியும் என்பதை மாதிரி காட்டும். எதைக் கைவிடுவது என்ற முடிவு மனிதர்களுடையது.

மாணவர்கள் தம் ஊர் ஏரிக்கும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மழையும் வாய்க்காலும் வரவு. மதகு, ஆவியாதல், கசிவு ஆகியவை செலவு. இவ்வளவையும் எழுதிய பிறகு, "இந்தத் தொட்டிக்கு வெளியே எதை, யாரை விட்டுவிட்டோம்?" என்றும் கேட்கவேண்டும். திட்டத்தின் நன்மை தீமைகள் அந்தக் கேள்விக்குப் பின்னரே தெளிவாகும்.