சீட்டில் இருக்கிறது சூட்சுமம்!

பேராவூரணிப் பக்கத்துத் தோப்புக்காரருக்குத் தேங்காயைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தேங்காய் மூட்டையாகி லாரி ஏறும்போது கைக்கு ஒரு சீட்டு வருகிறதே, அதிலுள்ள இங்கிலீஷ் வார்த்தைகளை எத்தனை பேர் கவனிக்கிறோம்?

'கன்சைனர்' சரக்கை அனுப்புகிறவர், 'கன்சைனி' பெறுகிறவர். சொல்லின் வால் மாறினால் ஆளே மாறிவிடுகிறார்! 'கார்கோ' என்பது ஏற்றிய சரக்கு. 'ஃபிரைட்' என்றால் சரக்கும் உண்டு, அதைச் சுமக்கும் கூலியும் உண்டு. சீட்டில் வருவது கூலிதான். கப்பல் கூலிக்குக் 'கேள்வு' என்று தமிழிலேயே ஒரு சொல் உண்டு. 'ஷிப்மெண்ட்' கப்பலில் பிறந்த சொல்; இன்று லாரியில் போனாலும் அதே பெயர்தான்.

'பெய்டு' என்றிருந்தால் கூலி கட்டியாயிற்று. 'டு பே' என்றால் பெறுகிறவர் கட்டவேண்டும். விலை பேசும்போதே இதையும் பேசாவிட்டால் வீண் தகராறு.

எல்லாவற்றிலும் பொல்லாத சொல் 'ஓனர்ஸ் ரிஸ்க்'. இங்கே ஓனர் என்பவர் லாரி முதலாளி அல்ல, சரக்குக்குச் சொந்தக்காரர்! ரயிலில் இந்தக் கட்டணத்தில் அனுப்பிய சரக்கு கெட்டால், ரயில்வேயின் கவனக்குறைவோ முறைகேடோதான் காரணம் என்று நிரூபிக்கவேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம். லாரிக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கூடுதல் கட்டணத்துக்கு முன்பே ஒப்புக்கொள்ளாவிட்டால், நஷ்டஈட்டுக்கு ஒரு வரம்பு உண்டு.

2018-இல் கஜா புயல் சாய்த்த தோப்புகளை மீண்டும் வளர்த்தவர்கள் நாம். காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற கை, சீட்டையும் படித்துப் பார்த்து வாங்கட்டுமே!