ஒரு மணி நேரம், பத்து மீட்டர் தூரம்

உகாண்டாவின் தென்மேற்கில் உள்ள பிவிண்டி காடு 1,160 மீட்டரில் தொடங்கி 2,607 மீட்டர் வரை ஏறுகிறது. மலை கொரில்லாவைத் தேடிப் போகிறவர்களுக்கு இங்கே பல இடங்களில் பாதை கிடையாது. முன்னால் போகும் காவலர் கொடிகளை வெட்டித் தருவதுதான் வழி.

கொரில்லாக்கள் தினமும் மாலையில் இலை தழைகளை மடித்துப் புதிதாகப் படுக்கை போடும். விடிந்ததும் தடம் பார்ப்பவர்கள் நேற்றைய படுக்கையிலிருந்து புறப்பட்டு, தின்று போட்ட தண்டு, சாணம் என்று பார்த்தபடியே போய்க் கூட்டத்தைப் பிடிப்பார்கள். பயணிகளுக்குச் சில நாள் ஒரு மணி நேர நடை. சில நாள் பொழுது சாய்ந்துவிடும்.

இவ்வளவு ஏறியும், கூட்டத்தோடு இருக்கக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். ஒரு கூட்டத்துக்கு நாளொன்றுக்கு 8 பேர், 10 மீட்டர் இடைவெளி, முகக்கவசம் கட்டாயம்; சளி, இருமல் இருந்தால் அனுமதி இல்லை. வெளிநாட்டவரிடம் அனுமதிச்சீட்டுக்கு 800 டாலர் வாங்கிக்கொண்டு ஏன் இந்தக் கெடுபிடி? நம் மரபணுவில் ஏறக்குறைய 98 சதவீதம் கொரில்லாவோடு ஒத்துப்போவதால், நம் நோய்களும் அதற்குச் சுலபமாகத் தொற்றும். நமக்கு மூக்கொழுகலோடு போய்விடும் கிருமி, அதற்கான எதிர்ப்புச் சக்தி இல்லாத கொரில்லாவுக்கு நிமோனியாவாக முற்றலாம். 1996இல் பிவிண்டியின் ஒரு கூட்டத்தில் சிரங்கு பரவி, குட்டி ஒன்று இறந்தது. அக்கம்பக்கத்து மனிதர்களிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்று கருதினார் சிகிச்சை அளித்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோக்கா. ஊர்மக்களின் உடல்நலத்தைக் கவனிக்காமல் கொரில்லாவைக் காக்க முடியாது என்று 2003இல் அதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

அப்படியானால் மனிதர்களை உள்ளே விடாமலேயே இருக்கலாமே? விடாவிட்டால் காவலுக்குப் பணம் ஏது? கொரோனாவால் பயணிகள் வராத 2020 ஜூனில், வேறு விலங்கைத் தேடி வந்த வேட்டைக்காரரின் ஈட்டிக்கு ரஃபிக்கி என்ற தலைவன் கொரில்லா பலியானது. இந்த அனுமதிச்சீட்டு ஏற்பாடு பலன் தந்திருக்கிறது என்றே சொல்வேன். விருங்கா மலைகளிலும் பிவிண்டியிலுமாக இன்று மலை கொரில்லாக்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 2018இல் 'மிக அருகிய இனம்' என்ற பட்டியலிலிருந்து ஒரு படி மேலே வந்தன.

ஆனால் 1991இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்குப் போதிய இழப்பீடு தரப்படவில்லை என்று உகாண்டாவின் அரசியல் சாசன நீதிமன்றமே 2021இல் தீர்ப்பளித்தது. பிவிண்டிக்குப் போகிறவர்கள், பட்வா வழிகாட்டிகள் அழைத்துச் செல்லும் காட்டு நடைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். கட்டணம் அவர்கள் கைக்கே போகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.