டீச்சருக்கு கிஃப்ட்: விலை பிரச்சினையா, பேர் பிரச்சினையா?

டிசம்பர் வந்தால் அமெரிக்காவில் ஸ்கூலுக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் ஒரு கேள்வி கட்டாயம் எழும்: "டீச்சருக்கு என்ன வாங்கறது?" கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் ஆசிரியருக்கு ஏதாவது கொடுப்பது அங்கே பழக்கம். காபி மக், வீட்டில் செய்த குக்கீஸ், டார்கெட் கிஃப்ட் கார்டு, ஸ்டார்பக்ஸ் கார்டு, இப்படி. பாஸ்டன் பக்கம் உங்க அக்காவோ சித்தப்பாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

கொடுப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அங்கே நிறைய ஆசிரியர்கள் வகுப்புக்கு வேண்டிய பென்சில், பேப்பர், கதைப் புத்தகம் எல்லாம் சொந்தக் காசில் வாங்குகிறார்கள். இது எவ்வளவு சகஜம் என்றால், இந்தச் செலவுக்கென்றே அவர்களுக்கு வருமான வரியில் ஒரு கழிவு உண்டு. 2002-ல் 250 டாலர் வரை என்று ஆரம்பித்தது, 2022-ல் 300 ஆனது. அப்படிப்பட்டவருக்கு நன்றி சொன்னால் என்ன தப்பு?

நன்றி சொல்வதில் தப்பே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பையன் நூறு டாலர் கார்டு கொண்டுவருகிறான். இன்னொருத்தி வெறுங்கையோடு வருகிறாள். இரண்டு பேருக்கும் மார்க் போடப்போவது அதே டீச்சர்தான். "இதை வச்சுக்கிட்டு என் பையனைக் கவனிச்சுக்கோங்க" என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கொடுக்க முடியாத அம்மா மனதுக்குள் கேட்டுக்கொள்வார்: "நாம எதுவும் கொடுக்கலையே, என் பொண்ணைக் கண்டுக்காம விட்டுடுவாங்களோ?" டீச்சர் தங்கமானவராகவே இருக்கலாம். இந்தப் பயம் வந்துவிட்டாலே அன்பளிப்பு ஒரு ஃபீஸ் மாதிரி ஆகிவிடுகிறது.

இதற்கு மாசசூசெட்ஸ் மாநிலம் வைத்திருக்கும் விதியைப் பார்ப்போம். அங்கே பப்ளிக் ஸ்கூல் ஆசிரியர் என்றால் அரசு ஊழியர். அதனால் மற்ற அரசு அலுவலர்களுக்கு உள்ள அதே நெறிமுறைச் சட்டம் அவருக்கும் பொருந்தும். தன்னிடம் படிக்கும் பிள்ளையின் வீட்டிலிருந்து 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசை அவர் வாங்கக் கூடாது. அதற்குக் கீழே என்றால் வாங்கலாம். ஆனால், "இதை வாங்கிட்டு அந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுவாரோ" என்று வெளியாள் ஒருவர் நியாயமாகச் சந்தேகப்படும் நிலை இருந்தால், வாங்கியதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இதுவரை சாதாரண விதிதான். சுவாரசியமானது அடுத்தது. மொத்த வகுப்பும் சேர்ந்து கொடுத்தால், ஒரு கல்வியாண்டுக்கு 150 டாலர் வரை டீச்சர் வாங்கிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: பரிசு "வகுப்பின் சார்பில்" என்றுதான் வர வேண்டும். யார் கொடுத்தார்கள், யார் எவ்வளவு போட்டார்கள் என்பது டீச்சருக்குத் தெரியவே கூடாது. ஒருவர் ஐந்து டாலர் போடலாம், ஒருவர் நாற்பது போடலாம், ஒருவர் எதுவுமே போடாமல் இருக்கலாம். டீச்சர் கண்ணுக்கு எல்லாரும் ஒன்றுதான்.

கொஞ்சம் யோசித்தால், இது நம்ம ஊர் மொய்க்கு நேர் எதிர். மொய் நோட்டில் பேரும் தொகையும் எதற்கு எழுதுகிறோம்? நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காக. பேர் எழுதினால் கணக்கு, கணக்கு இருந்தால் கடன். டீச்சர் மொய்யைத் திருப்பிச் செய்வதென்றால் எதை வைத்துச் செய்வார்? அவர் கையில் இருப்பது மார்க்கும் கவனிப்பும்தான். அதனால்தான் அந்த விதி நோட்டிலிருந்து பேரையே எடுத்துவிடுகிறது. நன்றி போய்ச் சேர்கிறது, கடன் சேர்வதில்லை.

இன்னொரு வழியும் அங்கே உண்டு. வகுப்பறைக்குப் புத்தகமோ, வரைபொருளோ வாங்கிக் கொடுத்தால் 50 டாலர் வரம்பு கிடையாது. அது டீச்சருக்குப் போகவில்லை, பிள்ளைகளுக்குப் போகிறது.

இதே பிரச்சினைக்குத் தென் கொரியா ரொம்பக் கடுமையான வழியை எடுத்தது. அங்கே ஆசிரியர் தினம் மே 15. பெற்றோர் கவரில் பணம் வைத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தது, அதற்கு 'சோன்ஜி' என்று தனிப் பேரே உண்டு. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி கிம் யங்-ரான் முன்மொழிந்த லஞ்ச ஒழிப்புச் சட்டம் 2016 செப்டம்பர் 28 அன்று அமலுக்கு வந்தது. மற்ற அரசு ஊழியர்கள் விஷயத்தில் சிறு பரிசுகளுக்கு வரம்பு வைத்து அனுமதி உண்டு. தன்னிடம் இப்போது படிக்கும் மாணவரிடமிருந்து ஆசிரியர் வாங்குவதற்கு அனுமதி பூஜ்யம். மாணவர் பிரதிநிதி எல்லார் முன்னாலும் ஒரு கார்னேஷன் பூ கொடுக்கலாம். ஒரு பிள்ளை தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே பூ பிரச்சினை. சட்டம் அமலான அன்றே, பேராசிரியருக்கு ஒரு மாணவர் கேன் காபி கொடுத்தார் என்று போலீசுக்குப் புகார் போனது.

கவர் கலாச்சாரத்தை ஒழிக்க அந்த அளவு கண்டிப்பு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ஒரு சின்னப் பிள்ளையின் பூவையும் லஞ்சக் கணக்கில் சேர்க்கும்போது, நன்றியும் கூடவே அடிபடுகிறது.

சரி, நமக்கு இதில் என்ன இருக்கிறது? நாளைக்கு நீங்கள் ஏதாவது பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் டீச்சருக்காகப் பணம் சேர்க்க வேண்டி வரலாம். மூன்றே விஷயம். 'தலைக்கு இவ்வளவு' என்று நிர்ணயிக்காதீர்கள். யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்ற லிஸ்ட்டை குரூப்பில் போடாதீர்கள். வாழ்த்து அட்டையில் காசு போடாத வீட்டுப் பிள்ளையின் பேரையும் சேர்த்து எழுதுங்கள்.

தனியாக ஏதாவது கொடுத்தே ஆகணும் என்று தோன்றினால், கடிதம் இருக்கிறது. "போன வருஷம் கணக்குன்னாலே அழுவான், இப்ப அவனே நோட்டை எடுத்துட்டு உட்கார்றான்" என்று நாலு வரி. இந்த இரண்டு ஊர்ச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. இதில் தாராளமாக உங்கள் பேரைப் போடலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.