இழுபடும் வண்டிக்கு எவ்வளவு காற்று?

முகப்பேருக்கு மேற்கே, நொளம்பூரை ஒட்டிப் போகிறது சென்னை பைபாஸ். அதன் ஓரத்தில் கண்டெய்னர் டிரெய்லர் ஒன்று ஒதுங்கினால், கிளீனர் ஒரு கம்பியோடு இறங்கி டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவதைப் பார்க்கலாம். காற்று நிறைந்த டயரில் அடி 'டங்'கென்று எகிறும்; இறங்கிய டயரில் 'தொப்'பென்று அமுங்கும்.

காரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் இழுபட்டு வரும் வண்டியில் ஒரு டயர் செத்தால்கூட முன்னால் இருப்பவருக்குப் பல நேரம் தெரியாது.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடும்பங்கள் காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப்போகும் முகாம் டிரெய்லர்களுக்கும் இதே சிக்கல்தான். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று அது நாள் முழுக்கச் சுமையோடுதான் ஓடுகிறது. காருக்கு 32 பிஎஸ்ஐ பிடிக்கிற பழக்கத்தில் அதற்கும் 32 பிடித்தால் வினை.

டயரில் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. அது குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி விரியும். அந்த மடிப்பு வெப்பமாக மாறும். வெப்பம் ஏறினால் ரப்பருக்கும் உள்ளிருக்கும் கம்பி அடுக்குக்கும் இடையிலான பிடிப்பு விட்டு, டயரின் மேல்தோல் உரிந்து பறக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் கறுப்புப் பட்டைகள் பலவும் இப்படி வந்தவைதான்.

சரி, எவ்வளவு பிடிப்பது? முதலில் எடை தெரிய வேண்டும். சாமான் ஏற்றிய நிலையில் 1,500 கிலோ உள்ள, ஒரே அச்சு கொண்ட டிரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு, 150 கிலோ, காரின் கொக்கியில் உட்காரும். மீதி 1,350 கிலோ இரண்டு டயருக்கு, ஆளுக்கு 675. டிரெய்லருக்கென்றே வரும் 15 அங்குல டயர் ஒன்றின் பக்கச்சுவரில், 50 பிஎஸ்ஐயில் சுமார் 825 கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதே டயர் 35 பிஎஸ்ஐயில் தாங்குவது ஏறக்குறைய 670 கிலோதான். கணக்கு நூலிழையில் இடிக்கிறது. தண்ணீர்த் தொட்டி இடப்பக்கம் இருந்துவிட்டால் அந்தப் பக்க டயருக்கு இன்னும் மோசம். அதனால்தான் டிரெய்லர்காரர்கள் பலர் பக்கச்சுவரில் உள்ள உச்ச அளவையே பிடிக்கிறார்கள். காருக்கு அந்த எண்ணைப் பிடிக்கக் கூடாது. அதற்குக் கதவோரத்து ஸ்டிக்கர்தான் கணக்கு.

இந்த அளவுகள் எல்லாம் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதற்கானவை. 50 பிஎஸ்ஐ உள்ள டயரில் 10 டிகிரி வெப்பம் கூடினால் சுமார் 2 பிஎஸ்ஐ ஏறும். மதிய வெயிலில் ஓடி வந்து நிறுத்தியதும் கேஜ் அதிகம் காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிடுபவர், மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு கிளம்புவார்.

காற்றுக்குப் பதில் நைட்ரஜன் பிடிக்கக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

கிளீனரின் தட்டலுக்கு முற்றிலும் இறங்கிய டயர் அகப்படும், 10 பிஎஸ்ஐ குறைந்தது அகப்படாது. பயணத்துக்கு முன் ஏற்றிய வண்டியை ஒருமுறை எடை மேடையில் நிறுத்துங்கள். காலையில் கிளம்பும் முன், ஸ்டெப்னி உட்பட எல்லா டயரையும் சொந்த கேஜில் பாருங்கள்.