கண்ணோட்டமும் கடுஞ்சொல்லும்: இணையவழி உரையாடலில் இன்சொல் குன்றுவதற்கான காரணங்கள்

ஆய்வுச் சுருக்கம்

நேரில் இன்முகத்துடன் பேசுவோர் பலர் இணையவழி உரையாடலில் கடுஞ்சொல் வழங்குகின்றனர். பெயரை மறைத்துக்கொள்ளும் வசதியே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. உளவியல், மொழியியல் துறைகளில் நிகழ்ந்த ஆய்வுகளையும் தென்கொரியாவின் உண்மைப்பெயர்ச் சட்டம் தந்த பட்டறிவையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. பெயர் மறைவைக் காட்டிலும் எதிரிலிருப்பவரின் கண்ணும் முகமும் மறைவதே வலிய காரணம் என்பதையும், அவ்வாறு வெறுமையான இடத்தைப் பார்வையாளர் கூட்டத்தின் பாராட்டு நிரப்புகிறது என்பதையும் விளக்குகிறது. தமிழின் மரியாதை வடிவங்கள் இச்சூழலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இணையவழி உரையாடல், தடைத்தளர்வு, பெயர் மறைவு, கண்ணோட்டம், மெய்ப்பாடு, மரியாதை வடிவங்கள்

முன்னுரை

‘கண்ணோட்டம்’ என்னும் சொல் இன்று ஒரு பொருளைக் குறித்த நிலைப்பாட்டை உணர்த்துகிறது. திருக்குறளின் 58ஆம் அதிகாரத்திற்குப் பெயராக அமைந்த அச்சொல்லுக்கு அங்குப் பொருள் வேறு. தம்மொடு பழகியவரைக் கண்டவிடத்து அவர் கூறுவதை மறுக்க மாட்டாத இயல்பே கண்ணோட்டம் எனப் பரிமேலழகர் விளக்குவார். பேச்சு வழக்கில் உள்ள ‘முகதாட்சண்யம்’ என்பதும் இதனையொட்டிய சொல்லே. பிறர்மீது கொள்ளும் இரக்கமும், அவரைப் புண்படுத்தத் தோன்றும் தயக்கமும் கண்ணின் வழியே, முகத்தின் முன்னிலையில் பிறக்கின்றன என்னும் கருத்து இவ்விரு சொற்களிலும் பொதிந்துள்ளது.

முகமும் கண்ணும் இல்லாத இடத்தில் அந்த இரக்கமும் தயக்கமும் என்னவாகின்றன என்பதே இணையவழி உரையாடல் எழுப்பும் வினா. இதற்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே தீர்வும் அமையும். பெயர் மறைவே காரணம் எனில் அடையாளத்தை வெளிப்படுத்தச் சட்டம் இயற்றினால் போதும். காரணம் வேறெனில், அத்தகைய சட்டம் குற்றமற்றவரின் காப்பைப் பறிப்பதோடு நின்றுவிடும். ஆகவே காரணத்தைத் துல்லியமாக வரையறுப்பது இன்றியமையாததாகிறது.

1. தடைத்தளர்வு என்னும் கருத்தாக்கம்

கணினிவழிக் கருத்துப் பரிமாற்றத்தில் கடுஞ்சொல் மிகுவதை 1984ஆம் ஆண்டிலேயே சாரா கீஸ்லர் உள்ளிட்ட உளவியலாளர்கள் சுட்டிக்காட்டினர். உலகளாவிய வலை தோன்றுவதற்கு முன்னரே இது கவனிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. எனவே சமூக ஊடகங்கள் மட்டுமே இதற்குப் பிறப்பிடம் எனக் கூற இயலாது.

இப்பொருண்மையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்க உளவியலாளர் ஜான் சுலர் 2004இல் வெளியிட்ட கட்டுரையாகும். நேரில் பேசும்போது மனிதரைக் கட்டுப்படுத்தும் உள்தடைகள் இணையத்தில் தளர்வதை அவர் ‘இணையவழித் தடைத்தளர்வு’ எனக் குறித்தார். அதற்கு ஆறு காரணிகளை வகுத்தார். தாம் இன்னார் எனப் பிறர் அறியாமை, தம் உருவம் பிறருக்குப் புலப்படாமை, மறுமொழி உடனடியாக வாராமை, எதிரிலிருப்பவரின் குரலைத் தம் மனத்துக்குள்ளேயே புனைந்துகொள்ளுதல், இணைய உலகை மெய்யுலகின் விதிகள் செல்லாத கற்பனைக் களமாகக் கொள்ளுதல், அதிகாரப் படிநிலை மங்குதல் என்பன அவை.

தடைத்தளர்வு எப்போதும் தீமையே பயப்பதன்று என்பதையும் சுலர் வலியுறுத்தினார். நேரில் சொல்லக் கூசும் துயரத்தை முகமறியாத ஒருவரிடம் மனந்திறந்து சொல்ல முடிவதும் இதே தளர்வால்தான். நன்மைக்கும் தீமைக்கும் வாயில் ஒன்றே என்பதால் அவ்வாயிலை முற்றாக அடைப்பது தீர்வாகாது.

2. பெயர் மறைவா, கண் மறைவா?

சுலர் ஆறு காரணிகளையும் வகுத்துரைத்தாரே தவிர, அவற்றுள் எது வலியது என அளந்து காட்டவில்லை. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோம் லாபிடோட்-லெஃப்லர், அஜி பராக் ஆகியோரின் ஆய்வு (2012) அப்பணியை மேற்கொண்டது. 142 பேர் இருவர் இருவராக இணைக்கப்பட்டனர். உயிர்காக்கும் மருந்து ஒன்று யாருக்கு உரியது என்னும் சிக்கலை அவர்கள் கணினிவழி எழுத்துரையாடலில் பேசித் தீர்க்க வேண்டும். சில இணைகளில் பெயர் முதலிய விவரங்கள் அறிவிக்கப்பட்டன, சிலவற்றில் மறைக்கப்பட்டன. அவ்வாறே உருவம் புலப்படுதலும், கண்ணோடு கண் நோக்குதலும் தனித்தனியே மாற்றி அமைக்கப்பட்டன.

வசைமொழி மிகுவதற்கு மூன்றனுள் முதன்மைப் பங்காற்றியது கண்நோக்கு இல்லாமையே என ஆய்வாளர்கள் கண்டனர். பெயர் அறியப்பட்டிருந்தும் கண்கள் சந்திக்காதபோது வசை எழுந்தது. பெயர் மறைவு என்னும் ஒற்றைக் காரணத்தில் அதுவரை வைக்கப்பட்டிருந்த அழுத்தம் இம்முடிவால் இடம்பெயர்ந்தது.

ஜெர்மனியின் இணையவழி விண்ணப்பத் தளம் ஒன்றில் 2010 முதல் 2013 வரை பதிவான 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துரைகளைக் காட்யா ரோஸ்ட் உள்ளிட்ட மூவர் பகுத்தாய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். பெயரை மறைத்தவர்களைவிடத் தம் பெயருடன் எழுதியவர்களே மிகுதியும் கடுமையாக எழுதியிருந்தனர். பொது நெறியை மீறியவராகத் தாம் கருதும் ஒருவரைக் கண்டிப்பவர், அக்கண்டனத்தை அறச்செயலாகவே எண்ணுகிறார்; அறச்செயலுக்குப் பெயரை மறைக்க வேண்டிய தேவை அவருக்குத் தோன்றுவதில்லை. கையொப்பமில்லாத மொட்டைக் கடிதத்திற்கும் இத்தகைய கடுஞ்சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மொட்டைக் கடிதம் எழுதுபவர் அஞ்சி ஒளிகிறார்; இங்கு எழுதுபவரோ பெருமிதத்துடன் முன்வருகிறார்.

3. தென்கொரியாவின் பட்டறிவு

பெயர் மறைவே காரணம் என்னும் நம்பிக்கை ஒரு நாட்டின் சட்டமாகவே செயற்படுத்தப்பட்ட நிகழ்வு தென்கொரியாவில் உண்டு. 2007ஆம் ஆண்டு முதல் அங்குப் பெரிய இணையதளங்களில் கருத்துரை பதிவோர் தம் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என விதிக்கப்பட்டது. பின்னர் இவ்விதி நாள்தோறும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகையாளரைக் கொண்ட தளங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

2011ஆம் ஆண்டு ஜூலையில் அந்நாட்டின் பெரிய இணையச் சேவை ஒன்றிலிருந்து ஏறத்தாழ 3.5 கோடி பயனரின் தனிவிவரங்கள் திருடப்பட்டன. அடையாளங்களை ஓரிடத்தில் குவித்து வைப்பதன் ஆபத்தை இது உணர்த்தியது. 2012 ஆகஸ்ட் 23 அன்று அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் நீதிபதிகள் அனைவரின் ஒருமித்த கருத்தோடு இவ்விதியைச் செல்லாததாக்கியது. சட்டம் வந்தபின் முறைகேடான பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன என்பதற்குச் சான்றில்லை எனவும், கருத்துரிமை அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்தப்படுகிறது எனவும் நீதிமன்றம் கருதியது. பெயரைப் பதிவுசெய்தல் எதிரிலிருப்பவரின் முகத்தைக் காட்டுவதில்லை. ஆகவே முந்தைய பகுதியில் கண்ட ஆய்வு முடிவுகளோடு இவ்விளைவு முரண்படவில்லை.

4. எழுத்து இழப்பவை

முகத்தோடு மறைவது இரக்கம் மட்டுமன்று, பொருளும்தான். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனத் தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளை வகுக்கிறது. உள்ளத்து உணர்வு மெய்யின்கண் புலப்படுவதே மெய்ப்பாடு. ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரில் பொருட்பாலில் ஒன்றும் (71) காமத்துப்பாலில் ஒன்றுமாக (110) திருக்குறள் இரண்டு அதிகாரங்களைக் கொண்டிருப்பதும் இங்குக் கருதத்தக்கது. சொல்லாததை முகத்திலும் கண்ணிலும் படித்தறிவது அவைக்கும் காதலுக்கும் ஒருங்கே வேண்டிய திறனாகக் கொள்ளப்பட்டது.

அக்குறிப்புகள் எழுத்தில் எவ்வளவு இழக்கப்படுகின்றன என்பதை ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005இல் அளந்து காட்டினர். பங்கேற்றோர் சில தொடர்களை எள்ளலாகவும் சிலவற்றை இயல்பாகவும் மின்னஞ்சலில் எழுதினர். படிப்பவர் ஏறத்தாழ 78 விழுக்காடு சரியாகப் புரிந்துகொள்வர் என எழுதியோர் எதிர்பார்த்தனர். உண்மையில் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டவை 56 விழுக்காடே. நாணயத்தைச் சுண்டி முடிவுசெய்தாலும் 50 விழுக்காடு சரியாக அமையும் என்பதை நோக்க, இழப்பின் அளவு விளங்கும். எழுதுபவர் தம் தொடரைத் தம் குரலிலேயே மனத்துள் கேட்கிறார். படிப்பவருக்கு அக்குரல் எட்டுவதில்லை. இதனால் விளையாட்டாக எழுதியது ஏளனமாகப் படிக்கப்படுகிறது. ஏளனமாகப் படித்தவர் கடுஞ்சொல்லால் விடையிறுக்கிறார்.

கடிதமும் முகமற்றதுதானே என வினவலாம். கடித மரபு அக்குறையை உணர்ந்தே சில ஈடுகளை வளர்த்துக்கொண்டது. விளி, நலம் வினவல், பணிவான முடிப்பு ஆகிய வாய்பாடுகள் முகம் செய்யும் பணியை ஓரளவு செய்தன. எழுதியதை உறையிலிட்டு அஞ்சலில் சேர்க்கும் வரையிலான காலம் சினம் தணிய இடமளித்தது. இணைய உரையாடலோ பேச்சின் விரைவையும் எழுத்தின் முகமின்மையையும் ஒருசேரப் பெற்றது; பேச்சுக்குரிய மெய்ப்பாடும் கடிதத்துக்குரிய வாய்பாடும் அதற்கு வாய்க்கவில்லை. உணர்ச்சிக் குறியுருக்கள் இக்குறையை நிரப்பும் முயற்சியே. எனினும், அவை எழுதுபவர் தேர்ந்து இடுபவை. மெய்ப்பாடுபோல் தாமாக வெளிப்படுபவை அல்ல.

5. தமிழின் மரியாதை வடிவங்களும் திரையும்

பணிவுமொழி பற்றிய உலகளாவிய கோட்பாடாகக் கருதப்படும் பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோரின் ஆய்வு (1978, நூல்வடிவம் 1987) தமிழையும் அடிப்படைத் தரவாகக் கொண்டது. கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் பேச்சுத்தமிழ், ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் செல்தால் மொழியோடும் அதில் ஒப்பிடப்பட்டது. பேசுவோர்க்கிடையிலான நெருக்கம், ஒருவர்க்கு மற்றவர்மீதுள்ள அதிகாரம், பேசப்படும் செய்தி தரும் சுமை ஆகிய மூன்றையும் கணித்தே ஒருவர் தம் பணிவின் அளவை முடிவு செய்கிறார் என்பது அக்கோட்பாட்டின் சாரம்.

தமிழில் இக்கணிப்பு இலக்கணத்திலேயே பதிந்துள்ளது. ‘நீ’ என்பதா ‘நீங்கள்’ என்பதா, ‘வா’ என்பதா ‘வாருங்கள்’ என்பதா என்று முடிவு செய்யாமல் முன்னிலைத் தொடரைத் தொடங்கவே இயலாது. முன்பின் அறியாதவரையும் ஐயா, அம்மா, அண்ணா, அக்கா என உறவுமுறை கூறி அழைக்கும் வழக்கமும் எதிரிலிருப்பவரின் வயதையும் தோற்றத்தையும் கண்டறிவதைச் சார்ந்தது. திரையிலோ ஒரு பெயரும் சிறு படமும் மட்டுமே உள்ளன. அவையும் உண்மையானவையாக இருக்க வேண்டியதில்லை. கணிப்புக்குரிய தரவு கிட்டாத நிலையில், மரியாதை வடிவம் பழக்கத்தாலோ சினத்தாலோ முடிவாகிறது. ‘ஒருமையில் பேசினார்’ என்பதே ஒரு குற்றச்சாட்டாக அமையும் மொழியில், ஒரு விகுதி மாற்றமே வசையாகிவிடுகிறது. தனி வசைச்சொல் எதுவும் வேண்டியதில்லை. வசைச்சொற்களை மட்டும் தேடி நீக்கும் தானியங்கி வடிகட்டிகள் தமிழில் முழுப்பயன் தாரா என்பதும் இதனால் பெறப்படுகிறது.

6. கூட்டமும் பாராட்டும்

இதுவரை கூறியவை தடை எவ்வாறு நீங்குகிறது என்பதை விளக்கும். தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கா. நேரில் கடிந்து பேசுபவர் எதிரிலிருப்பவரின் வாடிய முகத்தை உடனே காண்கிறார். இணையத்தில் அவர் காண்பது ஆதரவாளர் இடும் விருப்பக்குறிகளை. வில்லியம் பிராடி முதலியோர் ட்விட்டர் தளத்தில் 7,331 பயனரின் 1.27 கோடி பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட கட்டுரை இதனை உறுதிசெய்கிறது. அறச்சீற்றத்தை வெளிப்படுத்திய பதிவுக்கு விருப்பமும் பகிர்வும் மிகுதியாகக் கிட்டியவர், பின்னரும் அத்தகைய பதிவுகளை எழுதும் வாய்ப்பு உயர்ந்தது. வாடிய முகம் தரும் தண்டனை மறைந்து, கைதட்டல் மட்டும் எஞ்சுகிறது.

சூழலும் தொற்றுகிறது. ஜஸ்டின் செங் முதலியோர் 2017இல் வெளியிட்ட சோதனையில் 667 பேர் பங்கேற்றனர். எளிய தேர்வு எழுதி நல்ல மனநிலையில் இருந்தவர்கள், நாகரிகமான கருத்துரைகளைப் படித்தபின் எழுதியவற்றுள் 35 விழுக்காடு வம்புத்தன்மை உடையவை. கடினத் தேர்வால் மனம் சோர்ந்து, வம்பான கருத்துரைகளைப் படித்தபின் எழுதியவற்றுள் அவ்விகிதம் 68 விழுக்காடாக உயர்ந்தது. வம்பு செய்வோர் தனியொரு மனித வகையினர் அல்லர். எவரும் ஒரு நாளில் அவ்வாறு மாறக்கூடும் என்பது இதன் பொருள்.

7. ஒரு மறுப்பும் அதன் எல்லையும்

அலெக்சாண்டர் போர், மைக்கேல் பாங் பீட்டர்சன் ஆகியோர் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் நடத்திய ஆய்வு (2022) வேறொரு முடிவைத் தருகிறது. அரசியல் பேச்சில் இணையத்தில் கடுமை காட்டுவோர் நேரிலும் கடுமை காட்டுவோரே. இணையம் அவர்களை மாற்றவில்லை, அவர்தம் நடத்தையைப் பலரும் காணச் செய்கிறது என்பது அவர்கள் வாதம். தெருமுனையில் ஏசுபவரை ஊரார் விலகிச் செல்லலாம். இணையத்தில் அவர் குரல் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. இணையத்தில் கடுமை மிகுந்து தோன்றுவதன் ஒரு பகுதி, காணப்படும் அளவின் மிகுதியே. எனினும் இது பெரும்பாலும் அரசியல் உரையாடலையும் மக்கள் தம்மைப் பற்றித் தாமே கூறிய விடைகளையும் அடிப்படையாகக் கொண்டது. சூழலை மாற்றிய அளவில் சாதாரண மனிதரின் சொல்லும் மாறியதைப் பிற சோதனைகள் காட்டியுள்ளன. எனவே இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இயல்பிலேயே கடுமையானவர் பலருக்கு எட்டுகிறார். இயல்பில் மென்மையானவரும் சில வேளை தடை தளர்கிறார்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

பெயர் மறைவு கடுஞ்சொல்லுக்குத் துணைக்காரணமாகலாம். முதற்காரணம் எனக் கொள்ளச் சான்றுகள் இடந்தரவில்லை. கண்நோக்கின் இழப்பே அதனினும் வலியது.

முகக்குறிப்பு மறைவதால் இரக்கம் குன்றுவதோடு பொருள் திரிபும் நேர்கிறது. தமிழில் மரியாதை வடிவத்தை முடிவு செய்வதற்குரிய சமூகத் தரவும் அதனோடு மறைகிறது.

வருந்தும் முகத்தின் இடத்தைப் பாராட்டும் கூட்டம் பிடித்துக்கொள்வதால், கடுமை தடையின்றி எழுவதோடு ஊக்கமும் பெறுகிறது.

ஆகவே அடையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தைவிட, சொல் சென்றடையும் இடத்தில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை நினைவூட்டும் ஏற்பாடுகளே பயன்தரும் எனலாம். பதிவிடுமுன் சிறு இடைவெளி, தொடக்கக் கருத்துரைகளின் நாகரிகத்தைப் பேணுதல், சிக்கல் முற்றும்போது எழுத்தை விடுத்துக் குரலிலோ நேரிலோ பேசுதல் ஆகியன அத்தகையவை. தமிழ்த் தரவுகளைக் கொண்டு மரியாதை வடிவங்களின் இணைய வழக்கை அளந்து ஆராய்வது இத்துறையில் அடுத்து நிகழ வேண்டிய பணியாகும்.