ஒரு பூட்டு, மூன்று சோதனைகள்

தேக்காவில் ஒரு கடையின் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்வோம். பலர் ஒன்றாகப் பார்க்கலாம். எழுதும்போது பேனா ஒருவர் கையில்தான் இருக்கவேண்டும். கணினிக் கோப்புக்கும் இதே விதி. அதைக் காப்பதே கோப்புப் பூட்டு.

கணிதச் சார்புகளை அடித்தளமாகக் கொண்ட நிரல்மொழி ஹாஸ்கெல். 1990ல் வெளிவந்தது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி அதன் ஒரு வடிவத்தைப் பயன்படுத்துகிறது. அந்த மொழியின் பூட்டு எவ்வளவு உறுதியானது? லினக்ஸ் கணினியில் சோதித்தேன்.

முதலில், ஒரே நிரலில் ஒரு கோப்பைப் படிப்பதற்காக இருமுறை திறந்தேன். தடையில்லை.

அடுத்து, ‘ரீட்ஃபைல்’ கட்டளை கொடுத்த கையோடு அதே கோப்பில் எழுதச் சொன்னேன். கோப்பு பூட்டப்பட்டுள்ளது என்ற பிழைச்செய்தியோடு நிரல் நின்றது. ஹாஸ்கெல் தேவை வரும்போதுதான் படிக்கும். கடைசிவரை படித்து முடிக்காமல் பூட்டைத் திறக்காது. முழுவதையும் படிக்கவைத்த பிறகு எழுத முடிந்தது.

மூன்றாவதாக, அதே கோப்பில் எழுதும் நிரலை இரு சன்னல்களில் ஒரே நேரத்தில் ஓட்டினேன். எந்தத் தடையும் இல்லை. ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்தது. ஹாஸ்கெலின் பூட்டு, ஓடும் ஒரு நிரலுக்குள் மட்டுமே செல்லும்!

மாணவர் வருகைப் பதிவு இப்படித் தொலைந்தால் பிழைச்செய்திகூட வராது. இதற்கு லினக்சின் ‘எஃப்லாக்’ உதவும். ஆனால், எல்லா நிரல்களும் அதைக் கேட்டு நடந்தால்தான் பலன்.

உங்கள் திட்டப்பணி கோப்பில் எழுதுகிறதா? இரண்டு சன்னல்களில் ஓட்டிப் பார்த்த பிறகே ஒப்படையுங்கள்.