ஓரறையில் இரு பள்ளிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள ஆலயங்கள் பலவற்றில், வாரநாட்களில் மழலையர் பள்ளியும் ஞாயிறன்று ஓய்வுநாட் பாடசாலையும் ஓரறையிலேயே நடைபெறுகின்றன. இஃது எவ்வாறு நேர்ந்ததென்பது அறியத்தக்கது.

ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில், 1870-ஆம் ஆண்டையொட்டி, லூயிஸ் மில்லர் என்பார் மெதடிஸ்டு ஆலயத்துக்குப் புதுவகைப் பாடசாலை மண்டபமொன்றை வகுத்தார். (எடிசனுக்குப் பின்னர் மாமனாரானவர் இவரே.) நடுமண்டபத்தைச் சூழச் சிற்றறைகள் அமைந்தன, தடுப்புக்களைத் திறப்பின் அனைவரும் ஒருங்கே வழிபடலாம், மூடின் வகுப்புக்கள் தனித்தனியாம். வயதுக்கேற்ற பாடங்கள் பரவிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை தளர, நிலையான தனியறைகள் பெருகின. அவையோ வாரத்தில் ஆறு நாள் வறிதே கிடந்தன. மழலையர் பள்ளிக்கு அவ்வறைகள் வாய்ப்பாயின.

பூசல் பெரும்பாலும் சுவரைப்பற்றியே எழுகின்றது. வெள்ளியன்று ஒட்டிய ஓவியம் ஞாயிறன்று கிழிபட்டால், திங்களன்று அழுவது அதனை வரைந்த குழந்தையன்றோ! மற்றொருபுறம், ஊதியமின்றி வரும் ஞாயிற்று ஆசிரியை, நாற்காலிகளை நகர்த்துவதிலேயே தம் சிறுபொழுதை இழக்கின்றார். ஆதலின் இரு சாராருக்கும் வெவ்வேறு பூட்டுடைய அலமாரிகளும், உருளை பூட்டிய தட்டுக்களும் வேண்டும். அறை இருக்கவேண்டிய நிலையைப் படமாக வரைந்து கதவருகே மாட்டிவைத்தல் நன்று; இறுதியில் வெளியேறுபவர் அதனைப் பார்த்து ஒழுங்குசெய்வர். வண்ணமும் காகிதமும் தீர்ந்தால் வாங்குவார் யார் என்பதையும் முன்னரே எழுதிக்கொள்ளல் வேண்டும். நெடுநேரம் பயில்வோர்க்கே அறையில் முதலுரிமை என்பது என் கருத்து; ஆயினும் ஒரு சுவரேனும் ஞாயிற்றுப் பிள்ளைகளுக்கென முழுமையாய் விடப்படுக.